விழுகிற இடம்

கஷ்டமும் ஆபத்தும் ஒன்றல்ல என்று சொல்லிவிடுவது சுலபம். ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துக் காட்டு என்றால் திணற வேண்டியிருக்கிறது. நான் ஒரு தடவை கஷ்டத்தை மட்டும் உண்டாக்க நினைத்து, என் கையாலேயே கல்லைத் தூக்கி வைத்து, ஆபத்தையும் சேர்த்து உண்டாக்கினேன். ஒரு பையனின் மணிக்கட்டு முறிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டாயிற்று. எனக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டியிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

மோட்டார்சைக்கிளில் ட்ரயல்ஸ் என்று ஒரு போட்டி இருக்கிறது. மோட்டார்சைக்கிள் பந்தயம் என்றதும் வேகம்தான் நம் நினைவுக்கு வரும். ட்ரயல்ஸில் வேகத்துக்கு வேலையில்லை. பாறை, ஓடை, சரிவு, வேர் பின்னிய மேடு என்று சின்னச் சின்ன இடங்களாகத் தேர்ந்து இரு பக்கமும் நாடா கட்டிவிடுகிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் செக்‌ஷன் என்று பெயர். ஓட்டுகிறவன் வண்டியின் மேல் நின்றபடி, மனிதன் நடக்கிற வேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு மார்க். இரண்டு தடவைக்கு இரண்டு. அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ ஐந்து. மார்க் குறைவாக வாங்கியவன் ஜெயித்தவன். வண்டியில் ஏறுமுன் செக்‌ஷனை நடந்து பார்த்துக்கொள்ளலாம். கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், ஈரத்தை மிதித்துப் பார்க்கலாம். ஆகவே ட்ரயல்ஸ் ஓட்டுகிறவன் முதலில் ஒரு வாசகன். தரையைப் படித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறான்.

ஸ்காட்லாந்தில் 1909இல் தொடங்கிய ஆறு நாள் ட்ரயல்தான் இவற்றில் பழையது. அந்தக் காலத்தில் சோதிக்கப்பட்டது வண்டி; மலைப்பாதையில் அது தாங்குகிறதா என்று பார்த்தார்கள். வண்டிகள் தாங்கக் கற்றுக்கொண்ட பிறகு மனிதனைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். ட்ரயல் என்பதைச் சோதனை என்று தமிழில் சொல்லலாம். நம்முடைய சொல்லில் பரீட்சையும் இருக்கிறது, துன்பமும் இருக்கிறது. ‘அவனுக்குச் சோதனைக் காலம்’ என்கிறபோது யாரும் மார்க்கை நினைப்பதில்லை. இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில்தான் என் பிரச்னை கிடக்கிறது.

தென்னேரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சுங்குவார்சத்திரத்துக்குத் தெற்கே, பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். திரையனேரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்றும், தொண்டைமான் இளந்திரையன் பெயர் அது என்றும் சொல்வார்கள். இன்று ஊர்ப் பையன்களுக்கு ஏரியைவிட ஒரகடம் முக்கியம். அவர்கள் வேலைக்குப் போகும் கம்பெனிகளெல்லாம் அந்தத் திசையில் இருக்கின்றன. புல்லட்டும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் பிறந்த அந்த வண்டி 1955இல் சென்னை வந்தது. திருவொற்றியூரில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் கிளை விட்டது. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை ஜானி பிரிட்டன் என்பவர் 1952இலும் 1957இலும் ஜெயித்தது ராயல் என்ஃபீல்டு வண்டியில்தான். அந்த ஞாபகார்த்தமாக 2019 மார்ச்சில் ‘புல்லட் ட்ரயல்ஸ்’ என்று ஒரு மாடலை விற்பனைக்கு விட்டார்கள். புகைக்குழாய் மேல்நோக்கித் தூக்கியிருக்கும், ஒற்றை ஸீட், கட்டை போட்ட டயர். கொஞ்ச காலத்தில் நின்றும் போயிற்று. நிற்பதற்குள் எங்கள் ஊரில் ஒரு பையன் கடன் போட்டு ஒன்றை வாங்கிவிட்டான்.

வண்டி வந்ததும் பெயரின் அர்த்தம் தேடினார்கள். டோனி பூ என்கிற ஸ்பெயின்காரரின் படங்களைப் போனில் எனக்குக் காட்டினார்கள். 2007இலிருந்து 2024 வரை ஒவ்வொரு வருஷமும் ட்ரயல்ஸில் உலகச் சாம்பியன் அவர்தான், திறந்த வெளியிலும் சரி, அரங்குக்குள்ளும் சரி. ஆள் உயரப் பாறையின் மீது வண்டி பூனை மாதிரி ஏறி நிற்கிறது. நான் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அந்தப் பையன்களில் பாதிப் பேருக்கு நேர்கோடு போடக் கற்றுக்கொடுத்தவன். “சார், ஏரியில கோடு போட்டுக் குடுங்க” என்றார்கள்.

2019 கோடை எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னையின் குடிநீர் ஏரிகள் தரை தெரியக் கிடந்த வருஷம். எங்கள் ஏரியும் நடுவில் கொஞ்சம் சேற்றைத் தவிரப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான் சுண்ணாம்பும் கயிற்றுப் பந்தும் எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து செக்‌ஷன் போட்டேன். முதல் நான்கும் ஏரிப் படுகையில்: பனங்கட்டைகள், வெடிப்புகளின் குறுக்கே ஒரு வளைவு, மணல் எடுத்த பள்ளம் ஒன்று. பையன்கள் ஹீரோ ஹோண்டாவிலும் அந்த ஒரே ஒரு ட்ரயல்ஸ் வண்டியிலும் மாறி மாறி ஓட்டினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் நாலையும் கால் ஊன்றாமல் கடக்கிறவர்கள் மூன்று பேர் தேறிவிட்டார்கள்.

இங்கேதான் செக்‌ஷன் போடுகிறவனுடைய தொழில் தருமம் குறுக்கே வருகிறது. எல்லோரும் கடந்துவிட்டால் போட்டி இல்லை. முதல்வனை இரண்டாமவனிடமிருந்து பிரித்துக் காட்டாத செக்‌ஷன் வெறும் சுண்ணாம்புக் கோடு. உலகப் போட்டிகளிலும் இதே நெருக்கடிதான். ஒருவன் எல்லாரையும்விட அவ்வளவு தூரம் முன்னே போய்விட்டால், அவனைத் தடுமாற வைக்கிற பாறையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதே பாறையில் அவனுக்குப் பின்னே பத்தாவதாக வருகிறவனும் ஏற வேண்டும். வேறு வேறு தரத்தினருக்கு வேறு வேறு நிறத்தில் அம்புக்குறி வைத்து, ஒரே பாறையில் மூன்று வழி காட்டுகிற வழக்கம் இதனால் உண்டானது. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனா என்பது சந்தேகம். அந்த மூன்று பேரைத் தோற்கடிக்க வேண்டும் என்று மட்டுமே எனக்கு இருந்தது. இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது யோக்கியமாகாது.

ஐந்தாவது செக்‌ஷனைக் கலங்கல் பக்கம் போட்டேன். படுகையிலிருந்து கரையின் உட்சரிவில் சாய்வாக ஏறி, பாதி உயரத்தில் திரும்பி, அதே சரிவில் இறங்க வேண்டும். திரும்புகிற இடத்தில் ஒரு கல்லை வைத்தேன். அந்தக் கல் இருந்ததால் வண்டியைச் சரிவின் கீழ்ப் பக்கமாகச் சாய்த்துத்தான் திருப்ப முடியும். வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். நல்ல சித்திரம் ஒன்று போட்டு முடித்த திருப்தி இருந்தது.

பையன்கள் நடந்து பார்த்தார்கள். குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்கள். என் கல்லைக் காலால் தட்டிப் பார்த்து, “சார் வில்லத்தனம் பண்ணியிருக்காரு” என்றார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் சக்கரம் போகிற வழி. சரிவின் அடியில், காய்ந்த காட்டாமணக்குக்கு நடுவில், கரையின் கல்லடுக்கிலிருந்து பெயர்ந்து உருண்ட கற்கள் பாதி புதைந்து கிடந்தன. தினமும் காலையில் அந்தக் கரையில் நடப்பவன் நான். அந்தக் கற்கள் எனக்குத் தெரியும். ஆனால் கோட்டுக்கு வெளியே கிடந்ததால் அவை என் சித்திரத்தில் இல்லை.

இரண்டு பேர் கால் ஊன்றித் தப்பித்தார்கள். மூன்றாமவன் ஊன்ற நினைத்த பக்கம் தரை கீழே போய்விட்டிருந்தது. வண்டியோடு உருண்டான். “அஞ்சு போடுங்க சார்” என்று சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். பிறகு தன் இடது கையைப் பார்த்தான். கை அவன் நினைத்த திசையில் இல்லை.

அவனுக்கு அப்பா அம்மா இல்லை, பாட்டி வளர்த்த பையன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இவ்வளவு நாள் யோசித்திருக்க மாட்டேன். ஒன்றுதான் கேட்டாள்: “வாத்தியாரே, நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?”

முதலில் இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். செக்‌ஷன் போடுகிறவன் தானே ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது சரியான நியதி ஆகாது. அப்படியானால் தன்னால் முடிந்த அளவுக்கு மேல் எவனும் கஷ்டத்தை உண்டாக்க முடியாது. வாத்தியாரைத் தாண்டி மாணவன் போக வழியே இராது. உலகச் சாம்பியனுக்குச் செக்‌ஷன் போடுகிறவரால் அதை ஓட்ட முடியாது. முடிந்தால் அவரே சாம்பியனாக இருப்பார். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவியின் கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்துகொண்டே இருந்தது.

அவளுடைய கேள்வியின் உள்ளிருப்பு வேறு. செக்‌ஷனைக் கற்பனை செய்தபோது நான் யாரைக் கற்பனை செய்தேன்? ஜெயித்துக் கடப்பவனைக் கற்பனை செய்தேன். அவன் எந்த இடத்தில் உடம்பைச் சாய்ப்பான், எந்த இடத்தில் ஆக்ஸிலேட்டரை விடுவான் என்பதெல்லாம் என் மனசில் ஓடிற்று. தோற்பவனை விரும்பினேன், ஆனால் கற்பனை செய்யவில்லை. அவன் தோற்று எங்கே போவான், எதன் மேல் போய் விழுவான் என்று ஒரு நிமிஷம்கூட எண்ணவில்லை. ஓட்டிப் பார்க்க எனக்கு வயதில்லை என்பது நியாயம். விழுந்து பார்த்திருக்கலாம், மனசிலாவது.

ட்ரயல்ஸின் பெரிய போட்டிகளில் ஓட்டுகிறவனோடு ஒரு துணை ஆள் வருகிறான். உயரமான பாறையில் வண்டி ஏறும்போது அவன் கீழே கையைத் தூக்கி நிற்கிறான். வண்டி மல்லாந்தால் பிடித்துக்கொள்வான். ஆனால் அவன் விரல் வண்டியில் பட்டால் செக்‌ஷன் போயிற்று, ஐந்து மார்க். இந்த விதியைப் படித்தபோது எனக்கு ஒரு தெளிவு உண்டானது. காப்பாற்றப்படுவதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை மார்க்கில் கொடுத்தால் போதும், எலும்பில் கொடுக்க வேண்டாம் என்கிறது இந்த விதி. கால் ஊன்றுவதும் அதுதான். கால் ஊன்றுவது குற்றமல்ல. ஒரு மார்க்குக்கு வாங்கிக்கொள்ளும் பத்திரம். பல போட்டிகளில் ஓட்டாமலேயே ஐந்தை வாங்கிக்கொண்டு அடுத்த செக்‌ஷனுக்குப் போய்விடவும் இடம் கொடுக்கிறார்கள். தோல்வியைக் கணக்கில் எழுதக்கூடிய ஒன்றாக மாற்றி வைப்பதுதான் விளையாட்டு என்று தோன்றுகிறது. கணக்கில் எழுத முடியாதபடி தோற்கிற இடத்தில் விளையாட்டு முடிந்துவிடுகிறது.

என் நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. எழுதுகிறவர், நம் வட்டத்தில் தெரிந்தவர். எலும்பு முறியலாம் என்கிற சாத்தியம் இல்லாவிட்டால் பாறை ஏறுவதற்கும் பல்லாங்குழி ஆடுவதற்கும் வித்தியாசம் இல்லை என்பது அவர் கட்சி. ஆபத்தை எடுத்துவிட்டால் கஷ்டத்தின் கௌரவம் போய்விடுகிறது என்கிறார். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கோயிலில் உறியடிக்கு நடும் வழுக்குமரத்தைப் பாருங்கள். அதைவிடக் கஷ்டமான ஏற்றம் எது? ஏறினவன் தடவின எண்ணெயோடு கீழே வந்து சேர்கிறான். ஜனங்கள் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்கிறான், மறுபடி ஏறுகிறான். சிரிக்க முடிகிற தோல்வி அது. அதனால் மரத்தின் கௌரவம் குறைந்துவிடவில்லை. ஜல்லிக்கட்டில் மாடு ஓடுகிற களத்தில் இன்று தென்னைநார்க் கழிவைப் பரப்புகிறார்கள். மாட்டின் பலம் அதனால் இம்மியும் குறையவில்லை. விழுகிறவனின் தரை மட்டும் மாறியிருக்கிறது. அப்படியும் வருஷா வருஷம் உயிர்கள் போகின்றன. மாட்டை வேண்டுமானால் யாரும் அமைக்கவில்லை என்று சொல்லலாம். தரையை நாம்தான் அமைக்கிறோம்.

வேகம் சம்பந்தப்பட்ட பந்தயங்களில் இந்தப் பிரிவினை இன்னும் கடினம். எங்கள் ஊரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை அதிக தூரமில்லை. அங்கே உள்ள பந்தயப் பாதையில் 2023 ஜனவரியில் கே. இ. குமார் என்ற ஐம்பத்தொன்பது வயதுப் பழம் பந்தயக்காரர் கார் மோதி இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் பதின்மூன்று வயது பெங்களூர்ச் சிறுவன் ஒருவன் மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அந்த விபத்துகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் இரண்டு மரணங்களையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. வேகப் பந்தயத்தில் கஷ்டமும் ஆபத்தும் ஒரே பொருளால் ஆனவை. இரண்டுக்கும் வேகம் என்றுதான் பெயர். ஐம்பத்தொன்பது வயதில் ஒருவர் அந்தப் பொருளை அறிந்து கையில் எடுக்கிறார். பதின்மூன்று வயதில் எடுக்கிறவனுக்கு எவ்வளவு தெரியும், தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. அன்று சாயங்காலம் டீக்கடையில் என் பையன்கள் அந்தச் சிறுவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டு முறிந்தவனும் இருந்தான். அவன் என்னைப் பார்க்காமல் இருந்தது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: கஷ்டம் கல்லில் இருக்கிறது, ஆபத்து, விழுகிறவனின் வாழ்க்கையில் இருக்கிறது. கல்லை நான் அளந்துவிட முடியும். எத்தனை அடி உயரம், எத்தனை சாய்வு என்று சுண்ணாம்பால் எழுதி வைக்கலாம். அதே கல்லில் ஸ்பெயின்காரர் விழுந்தால் அவரைத் தூக்க ஆள் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், கை தேறும்வரை சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. என் பையன் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் இருந்தான். இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் மாதம் போனபோது அவன் இடத்தில் வேறு பையன் நின்றுகொண்டிருந்தான். தவணை கட்ட முடியாமல் வண்டியையும் விற்றார்கள். ஆம், அந்த ட்ரயல்ஸ் வண்டி அவனுடையதுதான். ஒரே கல், ஒரே ஐந்து மார்க். இரண்டு பேர் விழுந்த உயரம் ஒன்றல்ல. நான் ஏரிக்கரையின் சரிவை அளந்தேன். அவன் நின்றுகொண்டிருந்த சரிவை அளக்கவில்லை. அது என் கோட்டுக்கு வெளியே இருந்தது, அந்தக் கற்களைப் போலவே.

இதை மோட்டார்சைக்கிள் தெரியாத நம் சிறிய வட்டத்துக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், நாமும் செக்‌ஷன் போடுகிறவர்கள்தாம். ‘எழுத்து’ காலத்திலிருந்தே ‘புரியவில்லை’ என்ற புகாரைக் கேட்டுக் கேட்டு, அதையே ஒரு பட்டமாக அணிந்துகொள்ளப் பழகிவிட்டோம். கஷ்டமான கவிதைக்காக நான் இன்றும் வாதாடுவேன். அனுபவம் கஷ்டமாக இருக்கும்போது கவிதை மட்டும் தார்ச்சாலையாக இருக்க முடியாது. கவிதையில் தோற்கிறவனுக்கு எலும்பு முறிவதில்லை என்பதும் வாஸ்தவம். புத்தகத்தை மூடிவிட்டு, ஓட்டாமலேயே ஐந்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்த ஐந்தாவது செக்‌ஷனை முடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று நான் அடைந்த திருப்தி எனக்குப் புதிதல்ல. சில கவிதைகளின் கடைசி வரியை எழுதிவிட்டு அதே திருப்தியை அடைந்திருக்கிறேன். வாசகன் இங்கே விழுவான் என்கிற திருப்தி. தரையின் இயல்பால் வந்த கஷ்டம் ஒன்று, திரும்புகிற இடத்தில் நான் தூக்கி வைத்த கல் ஒன்று. இரண்டையும் நான் எப்போதும் பிரித்துப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. புரியாமல் திரும்பிப் போனவன் எதன் மேல் விழுந்தான் என்று நாம் யாரும் போய்ப் பார்த்ததில்லை. அப்படிப் போனவர்களில் சிலர் அப்புறம் எதையுமே படிக்கவில்லை.

2024 கோடையில் பையன்கள் மறுபடியும் வந்து கேட்டார்கள். இப்போது அவர்களில் இருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மணிக்கட்டு முறிந்தவன், “போடுங்க சார், நான் கீழ நிக்கறேன்” என்றான். அவன் இடது கை முழுசாகத் திரும்பாது.

கடப்பாரை எடுத்துக்கொண்டு போனோம். முதலில் சரிவின் அடியில் புதைந்திருந்த கற்களை நெம்பி எடுத்தோம். அதற்கே ஒரு காலைப் பொழுது போயிற்று. பிறகு நான் மேலே ஏறி, திரும்புகிற இடத்தில் நின்று, கீழே பார்த்து உட்கார்ந்து, சறுக்கி இறங்கினேன். அறுபத்தாறு வயதில் பார்க்க நன்றாக இருந்திருக்காது, பையன்கள் சிரித்தார்கள். பாதியில் முழங்கை எதிலோ இடித்தது. இன்னொரு கல். அதையும் எடுத்தோம். திருப்பத்துக் கல்லை இருந்த இடத்திலேயே விட்டேன்.

பாட்டி கரைமேல் ஆடு ஓட்டிக்கொண்டு போனவள் நின்று பார்த்தாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிட்ட கற்களைத் தவிர இன்னும் எவ்வளவோ என் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன: தவணைகள், காண்டிராக்டுகள், மூன்றாம் மாதம் அந்த இடத்தில் வந்து நிற்கப்போகும் வேறொரு பையன். அவற்றைக் கடப்பாரையால் நெம்ப முடியாது. அவை அங்கே கிடக்கும்போது நான் கோடு போடலாமா கூடாதா என்பதற்கு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. போட்டேன். அவன் சொன்னபடி கீழே நின்றான், இரண்டு கைகளையும் தூக்கியபடி.